ஏழாம் மாடி காலியில்லை

டல்சி கஸ்கெல்லி பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் கோட்டுக்கு வெளியே குடியிருந்ததில்லை. கோடு என்றால் மெல்போர்னின் நடு ஊரைச் சுற்றி ஓடும் நான்கு தெருக்கள். கிழக்கே ஸ்பிரிங் தெரு, மேற்கே ஸ்பென்சர் தெரு, தெற்கே ஆற்றோரம் ஃப்ளிண்டர்ஸ் தெரு, வடக்கே லா ட்ரோப் தெரு. அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற ரிச்மண்ட், ப்ரன்ஸ்விக், செயிண்ட் கில்டா எல்லாம் அவளைப் பொறுத்தவரை மாடு மேய்கிற இடம். அங்கே ஜனங்கள் தோட்டம் துரவோடு சௌக்கியமாக இருக்கிறார்களே என்று யாராவது சொன்னால், "இருக்கட்டுமே, நானா வேணாம்னேன்?" என்பாள்.

அளந்தவன் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்த ஊர் இது. நாலு வண்டி சேர்ந்தாற்போல் போகிற அகலத்தில் ஒரு பெரிய தெரு, அதன் முதுகுப்பக்கம் குறுகலாக ஒரு சின்னத் தெரு, மறுபடி ஒரு பெரிய தெரு. சின்னத் தெருக்களுக்குச் சொந்தமாகப் பெயர்கூட வைக்கவில்லை அந்த மகராசன். பக்கத்துப் பெரிய தெருவின் பெயரையே எடுத்து, முன்னால் 'லிட்டில்' என்று ஒட்டிவிட்டுப் போய்விட்டான். காலின்ஸ் தெருவில் வங்கியும் இன்சூரன்சும் தொப்பி வைத்த கனவான்களும். லிட்டில் காலின்ஸில் அவர்களுடைய குப்பைத்தொட்டி. முன்வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று என்று ஏற்பாடு. டல்சி பின்வாசல்காரி. லிட்டில் லான்ஸ்டேல் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், முன்னறையில் நின்றால் பின்னறைச் சுவர் இடிக்கிற வீட்டில் பிறந்தாள்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டல்சிக்கு முப்பத்தெட்டு வயதாகும்போது, அந்தச் சந்து முழுவதையும் இடித்து அலுவலகம் கட்டப் போகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். டல்சியின் அம்மா சரி என்று தலையாட்டினாள். தலையாட்டியதோடு விட்டாளா? சாவியைக் கொடுக்கிற அன்று காலையில் முட்டி போட்டுத் தரையைத் தேய்த்தாள். வாசற்படிக் கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஜன்னல் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்தாள். மறுநாள் இடிக்கப் போகிற வீட்டை! "அழுக்கா விட்டுட்டுப் போனோம்னு ஒருத்தர் சொல்லக் கூடாது" என்றாள். புறநகரில் கொடுத்த வீட்டில் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். தரையைத் தேய்த்த அந்தக் கையை நினைத்தால் டல்சிக்கு இன்றைக்கும் ஆத்திரம் பொங்கும். அம்மா மேல் ஆத்திரமா, சாவி வாங்கியவன் மேலா என்று கேட்டால், இரண்டு பேர் மேலும்தான்.

டல்சி அப்போதே கல்யாணமாகிப் பாஸ்கோ ஹவுஸுக்கு வந்திருந்தாள். அது ஃப்ளிண்டர்ஸ் தெருவின் முதுகுப்பக்கச் சின்னத் தெருவான ஃப்ளிண்டர்ஸ் லேனில் ஏழு மாடிச் செங்கல் கட்டடம். அவள் புருஷன் லெஸ் அங்கே காவல்காரன், லிஃப்ட் ஓட்டுபவன், கொதிகலனுக்குக் கரி போடுபவன், எல்லாம் அவனே. அவனுக்கென்று கட்டடத்தின் உச்சியில், ஏழாம் மாடியில் பாதியை மொட்டை மாடியாக விட்டு, மீதியில் இரண்டு அறையும் சமையற்கட்டும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நடு ஊரில் பெரிய கட்டடம் ஒவ்வொன்றின் தலையிலும் இப்படி ஒரு குடித்தனம் உண்டு. சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் ஊர் மொத்தமும் ஃப்ளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக் கடிகாரங்களுக்குக் கீழே புகுந்து காணாமல் போய்விடும். அதற்கப்புறம் தெருவில் புறாவும் காலி டிராமும்தான். ஆனால் மேலே பாருங்கள், மாடிக்கு மாடி விளக்கு எரியும், ஆட்டுக்கறி வறுக்கிற வாசனை வரும். காவல்காரப் பெண்டாட்டிகள் மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து தெருவுக்குக் குறுக்கே சத்தம் போட்டுப் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே அவர்களுடையது.

லெஸ் இதயம் நின்று செத்த பிறகும் டல்சி அங்கேயே இருந்தாள். லிஃப்டைத் தானியங்கியாக மாற்றியதால் அதற்கு ஆள் தேவைப்படவில்லை. ஆனால் தேநீருக்கு ஆள் தேவைப்பட்டதே! காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, டிராலியைத் தள்ளிக்கொண்டு மாடி மாடியாகப் போவாள். ஃப்ளிண்டர்ஸ் லேன் முழுக்கத் துணிக்காரர்கள். கோட்டு வெட்டுபவர்கள், ரோமத்தோல் தைப்பவர்கள், தொப்பி செய்கிறவர்கள். போலந்து, கிரீஸ், இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். யாருக்கு எத்தனை சர்க்கரை, யாருக்குப் பால் ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடன் கேட்டு வந்தவன், பில் கொடுக்க வந்தவன், தப்பான மாடிக்கு வந்தவன், யாராக இருந்தாலும் டல்சி டிராலி வந்துவிட்டால் ஒரு கோப்பை உண்டு. யாருக்கும் அவள் இல்லை என்று சொன்னதில்லை.

அப்புறம் அந்த இன்சூரன்ஸ் கம்பெனி வந்தது.

கம்பெனிக்கு முகம் காலின்ஸ் தெருப் பக்கம். முதுகு ஃப்ளிண்டர்ஸ் லேன் பக்கம். அந்த முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது பாஸ்கோ ஹவுஸ். அதை வாங்கி இடித்துவிட்டு, இரண்டு மனையையும் சேர்த்து நாற்பது மாடி எழுப்பலாம் என்று கம்பெனிக்கு ஆசை வந்தது. வாங்கியும் விட்டது. பிரௌஸ் என்று ஒரு மேலாளர், நல்ல உயரம், வழித்த முகம், கையில் எப்போதும் குடை. முதல் முதலாக அவன் ஏழாம் மாடிக்கு வந்தது இடிப்பது பற்றிப் பேச அல்ல. துணி காயப் போடுவது பற்றிப் பேச!

"மிசஸ் கஸ்கெல்லி, தப்பா நெனைக்காதீங்க. எங்க இயக்குநர்கள் கூட்டம் நடக்கிற அறை அதோ, அந்த ஜன்னல். உங்க கொடி அதுக்கு நேரா இருக்கு."

"இருக்கட்டும். என் கொடி முப்பது வருஷமா இருக்கு. உங்க ஜன்னல்தான் நேத்து வந்தது."

"இல்ல... உள்ளாடையெல்லாம்... கூட்டம் நடக்கிற அன்னிக்கு மட்டும் எடுத்துட்டீங்கன்னா..."

"ஏன், உங்க இயக்குநர்கள் உள்ளாடை போடறதில்லையா?"

பிரௌஸ் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அடுத்த கூட்டத்தன்று டல்சி தன்னுடையதோடு லெஸ்ஸின் பழைய நீள உள்காற்சட்டைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, நனைத்து, வரிசையாகக் காயப் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரைச்சீலை இழுபட்டதைப் பார்த்துத் தனியாக நின்று சிரித்தாள்.

இரண்டாம் முறை வந்தபோது அவன் குடையோடு ஒரு காகிதமும் கொண்டுவந்தான். காலி செய்யச் சொல்லி எல்லோருக்கும் நோட்டீஸ். டல்சிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கருணை: நுனாவாடிங் பக்கம் ஒரு சின்ன வீடு, ஆறு மாத வாடகை கம்பெனி கொடுக்கும்.

"நுனாவாடிங்கா? அது எங்க இருக்கு?"

"ரயில்ல முக்கால் மணி நேரம்தான். நல்ல காத்து. தோட்டம் இருக்கு."

"எனக்கு எதுக்குய்யா தோட்டம்? நான் என்ன முயலா?"

"மிசஸ் கஸ்கெல்லி, யதார்த்தமாப் பேசுவோம். இது வியாபார வட்டாரம். இங்க ஒவ்வொரு அடி நிலத்துக்கும் ஒரு தொழில் இருக்கு. நீங்க இங்க குடியிருக்கிறதுங்கறது, எப்படிச் சொல்ல, ஒரு பழைய தவறு. யாரும் கவனிக்காம விட்டுட்டாங்க."

தவறு! டல்சிக்குக் காது மடல் சூடேறியது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் கல்யாணம் செய்து, இந்த ஊரில் புருஷனைப் பறிகொடுத்தவள் தவறாம். தினமும் காலை ஒன்பது மணி ரயிலில் வந்து சாயங்காலம் ஐந்து மணி ரயிலில் ஓடிப்போகிறவன் சரியாம்.

"இந்தத் தப்பு இங்கதான் இருக்கும். நீங்க போகலாம்" என்று கதவைச் சாத்தினாள்.

ஒவ்வொரு மாடியாகக் காலியானது. கடைசியாகப் போனவன் இரண்டாம் மாடிப் பொத்தான் வியாபாரி ஹெனெக் சில்பர்மன். போலந்துக்காரன். யுத்தத்தில் குடும்பத்தை இழந்து, ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்தவன். பொத்தான் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, ஏழு மாடி ஏறி விடைபெற வந்தான். கம்பெனி அதற்குள் லிஃப்டை நிறுத்திவிட்டிருந்தது.

"டல்சி, பிடிவாதம் பிடிக்காத. கட்டடம் போனா போகுது. செங்கல்தானே?"

"உனக்குச் செங்கல். எனக்கு வீடு."

"நான் எத்தனை வீட்டை விட்டுட்டு வந்தேன் தெரியுமா? உயிரோடதான இருக்கேன்?"

"உன்னைத் துப்பாக்கி வெச்சுத் துரத்தினாங்க, ஹெனெக். இவன் குடையை வெச்சுத் துரத்தறான். குடைக்குப் பயந்து ஓடினேன்னு நாளைக்கு என்னை நானே காறித் துப்பிக்கணும்."

ஹெனெக் வாசல்பக்கம் திரும்பினான். "உன் வாய்க்குப் பூட்டே கிடையாது" என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் டப்பா ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போனான். அவன் எதற்கு அதைக் கொண்டுவந்தான் என்று அடுத்த வாரமே புரிந்தது. கம்பெனி கரண்டை வெட்டியது. அடுத்து, தெருவில் பள்ளம் தோண்டி, காஸ் குழாயையே துண்டித்தது. எங்கள் ஊரில் ஜூலைதான் நடுக் குளிர்காலம். அந்தக் குளிரில், ஏழு மாடி இருட்டுப் படிக்கட்டில், மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பால் வாங்கி ஏறினாள் டல்சி. மாடித் தொட்டியில் மழைத் தண்ணீர் இருந்தது. பழைய பம்ப் ஸ்டவ்வைத் துடைத்து மூட்டினாள். மூட்டிய பிறகு அதன் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். பயமாகத்தான் இருந்தது. பயமில்லாமல் இருக்க அவள் என்ன கல்லா? பக்கத்துக் கட்டடங்களின் உச்சி மாடிகளில் விளக்கே இல்லை, அந்தக் குடித்தனங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கூப்பிட்டால் கேட்க ஒரு ஆள் இல்லை. ஆனாலும் அழுதுவிட்டுப் படுத்தவள் போகலாம் என்று மட்டும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கட்டடம் இடிக்கிறவர்கள் வந்தார்கள்.

ஃப்ளிண்டர்ஸ் லேன் குறுகலான தெரு. இரண்டு பக்கமும் சுவர் ஓங்கி நிற்பதால் கீழே தும்மினால் மேலே கேட்கும். லாரி வந்து நின்ற சத்தத்தில் டல்சி எழுந்து, ஸ்டவ்வைப் புகையப் புகைய மூட்டிக் கெட்டிலை ஏற்றிவிட்டு, லெஸ்ஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு, மொட்டை மாடிச் சுவர் மறைவில் நின்று எட்டிப் பார்த்தாள். கடப்பாரையும் சம்மட்டியுமாக இருபது பேர். நடுவில் பிரௌஸின் குடை.

சமையற்கட்டில் நேற்று ராத்திரிப் பாத்திரம் அப்படியே கிடந்தது. தரையில் கரி அப்பியிருந்தது. டல்சி துடைப்பத்தைத் தொடவில்லை. வேண்டுமென்றேதான் தொடவில்லை.

கீழே பேச்சு கேட்டது. இடிப்பவர்களின் சங்கப் பிரதிநிதி சார்லி கிரெக். மால்டா தீவுக்காரன், குட்டை, பீப்பாய் உடம்பு, தெருவே அதிரும் குரல்.

"சார், வென்னீர் எங்க?"

"என்ன வென்னீர்?"

"என்ன வென்னீரா? டீத் தண்ணி சார். ஸ்மோக்கோவுக்கு, பத்து மணி இடைவேளைக்கு, டீ வேணாமா? வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அடுப்புல தண்ணி கொதிக்கணும். அது கொதிச்சாத்தான் கடப்பாரை சுவர்ல படும். இதுகூடத் தெரியாமயா கட்டடம் இடிக்க வந்தீங்க?"

எங்கள் ஊரில் இது வேதவாக்கு. சம்பளம் ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பொறுப்பார்கள். பத்து மணித் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவில்லை என்றால் ஒரு செங்கல் நகராது. கவர்னரே வந்து நின்றாலும் நகராது.

"கடையில வாங்கித் தரச் சொல்றேன்" என்றான் பிரௌஸ்.

"கடைத் தண்ணி வேணாம். இடத்துல அடுப்பு இருக்கணும். ஒப்பந்தத்துல இருக்கு. காஸைத் திறந்து விடுங்க, போதும்."

"காஸ்... வெட்டியாச்சு. திரும்பக் கொடுக்க ரெண்டு நாள் ஆகும்."

"கரண்டு?"

"அதுவும்தான்."

"அடப் பாவி மனுஷா! எதுக்கு இவ்வளவு அவசரமா எல்லாத்தையும் வெட்டின?"

 இருபது பேரும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு நடைபாதை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"சார்லி, மேல பாரு. புகை வருது."

"யோவ் சார், மேல யாரு இருக்கா?"

"யாருமில்ல. காலிக் கட்டடம். மொத்தமும் காலி. மேல புறாதான் இருக்கும்."

"புறாவுக்கு எதுக்குய்யா புகைபோக்கி?"

தெருவே சிரித்தது. டல்சிக்குச் சிரிப்பு வரவில்லை. காலி என்ற சொல்தான் காதில் நின்றது. முதலில் தவறு. இப்போது அதுவும் இல்லை, ஆளே இல்லை. இரண்டு செங்கல் விழுந்தால் கிழவி தானாக அலறிக்கொண்டு இறங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டு, அவள் இருப்பதையே மறைத்து இவர்களைக் கூட்டி வந்திருக்கிறான்.  நேராக உள்ளே போய், மேசைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். ஸ்டவ்வில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. கதவைத் தட்டாமலேயே திறந்த சார்லி கிரெக், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வந்த இரண்டு பேர் அவன் முதுகில் மோதிக்கொண்டார்கள்.

"யம்மா... நீங்க யாரு?"

"புறா."

சார்லி தொப்பியை எடுத்துவிட்டான். "மன்னிச்சுக்கங்க. கீழ இருக்கிறவன் யாருமில்லன்னு சொன்னான். நான்... கொஞ்சம் வென்னீர்..." அவன் கண் கெட்டிலுக்குப் போனது.

வாழ்நாளில் எவனுக்கும் தேநீர் இல்லை என்று சொல்லாதவள் டல்சி. வாய் ஒரு நொடி தயங்கத்தான் செய்தது. ஊற்றிக் கொடுத்தால் வேலை தொடங்கும். ஊற்றிக் கொடுப்பதற்கும் அம்மா தரையைத் தேய்த்ததற்கும் என்ன வித்தியாசம்?

"காலிக் கட்டடத்துல ஏதுப்பா வென்னீர்?" என்றாள். "போய் அவன்கிட்டயே கேளு. நான் இல்லாதவ. இல்லாதவ வீட்டு அடுப்பு எரியாது, கெட்டில் கொதிக்காது. உனக்கு ஒரு சொட்டுத் தர மாட்டேன்."

"எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"உனக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிலிருந்து. லிஃப்டை நிறுத்தினான், இருந்தேன். விளக்கை நிறுத்தினான், இருந்தேன். காஸ் ஏன் இல்லன்னு கீழ கேட்டியே, என்னைத் துரத்தத்தான் வெட்டினான். இப்ப உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கான். இடிக்கிறதுன்னா இடி. இந்த நாற்காலியிலிருந்து ஆரம்பி."

 சார்லிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. மொட்டை மாடிக்குப் போய், சுவரைப் பிடித்துக் கீழே குனிந்து, "எல்லாரும் மேல வாங்கடா!" என்று கத்தினான்.

இருபது பேரும் வந்தார்கள். மொட்டை மாடியில் நின்று அவளையும், இருட்டுச் சமையற்கட்டையும், ஸ்டவ்வையும் பார்த்தார்கள். சார்லி நடந்ததைச் சொன்னான். "ஆள் இருக்கிற வீட்டுல நாம கை வெச்சதில்ல. வெக்கவும் மாட்டோம். இந்தம்மா தானா இறங்கிப் போறவரைக்கும் இந்தக் கட்டடத்துல ஒருத்தனும் வேலை செய்யக் கூடாது. சம்மதம்னா கையைத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. டெஸ் என்ற ஒருவன் மட்டும் இரண்டு கையையும் பையிலேயே வைத்திருந்தான்.

"எனக்கு நாலு புள்ளைங்க, சார்லி. இன்னிக்குக் கூலி போனா என்ன பண்றது?" அப்புறம் டல்சியைப் பார்த்து, "உங்க மேல கோபம் இல்லம்மா. ஆனா நீங்களே சொல்லுங்க" என்றான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேறொருத்தியாக இருந்தால் கையைப் பிசைந்திருப்பாள். எனக்காக நீங்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டிருப்பாள்.

"என்கிட்ட கேக்காத தம்பி" என்றாள் டல்சி. "உன் கூலிக்கு நான் பொறுப்பில்ல. பொய் சொல்லி உன்னைக் கூட்டிட்டு வந்தானே, அவன் சட்டையைப் பிடிச்சுக் கேளு. உன் நாலு புள்ளைங்களும் ஒரு வீட்டுலதான தூங்குது? அந்த வீட்டைக் காலின்னு ஒருத்தன் எழுதினா நீ என்ன பண்ணுவ?"

 டெஸ் கையைப் பையிலிருந்து எடுத்துத் தூக்கினான்.

அந்த நேரம் பார்த்து பிரௌஸ் வந்து சேர்ந்தான். அவனே நிறுத்திய லிஃப்டுதான். ஏழு மாடியும் நடந்து ஏறியதில் மூச்சு நாய் மாதிரி இரைத்தது. குடையை ஊன்றிக்கொண்டு, "இதெல்லாம்... சட்டவிரோதம்" என்றான்.

"சட்டத்தை அப்புறம் பேசலாம், மொதல்ல மூச்சு விடு" என்றான் சார்லி. "கேட்டுக்க. இங்க ஒருத்தனும் கடப்பாரையைத் தொட மாட்டான். ஆனா இன்னிக்குக் கூலி எல்லாருக்கும் உண்டு, ஆள் இருக்கிறதை மறைச்சதுக்கு. சாயங்காலத்துக்குள்ள இந்தம்மாவுக்கு காஸும் கரண்டும் வந்தாகணும்."

"முடியாதுன்னா?"

"பர்க் தெருவுல உங்க கம்பெனி இருபது மாடி எழுப்பிட்டு இருக்கே, அங்க கான்கிரீட் கலக்கறது யாரு? நம்ம சங்கத்துப் பசங்கதான். மத்தியானம் கலவை எந்திரத்தை நிறுத்தச் சொல்லட்டா? உள்ள இருக்கிற கான்கிரீட் கல்லாயிடும். அப்புறம் அதையும் கடப்பாரையாலதான் உடைக்கணும். அதுக்கும் எங்களைத்தான் கூப்பிடணும்."

பிரௌஸ் சார்லியைப் பார்த்தான், இருபது பேரைப் பார்த்தான். கடைசியில் டல்சி பக்கம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

"மிசஸ் கஸ்கெல்லி, உங்களுக்கு என்னதான் வேணும்? நுனாவாடிங் வேணாம்னா கார்ல்டன்ல பாக்கலாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் பாக்கலாம். சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணு. கீழ வாசல்ல பெயர்ப்பலகை இருக்கு. இந்தக் கட்டடத்துல யாரு யாரு எந்த மாடியில இருக்காங்கன்னு. ஹெனெக் பேரு இருந்தது, தோல்காரன் பேரு இருந்தது. என் பேரு ஒரு நாளும் இருந்ததில்ல. அதுல என் பேரை எழுதணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இனிமே எவனும் காலின்னு சொல்லக் கூடாது."

காஸும் கரண்டும் அன்று இரவுக்குள் வந்துவிட்டன. ரெண்டு நாள் ஆகும் என்றவன்தான், ஒரே பகலில் பள்ளம் தோண்டிக் குழாயை ஒட்டினான். ஆட்களுக்குக் கூலியும் போனது. கம்பெனி வக்கீல் வைத்துப் பார்த்தது, பத்திரிகையில் எழுதிப் பார்த்தது. இடிப்பதற்கு ஊரில் ஒரு கை கிடைக்கவில்லை. நாற்பது மாடிக்குப் போட்ட படம் அலமாரிக்குள் போயிற்று. டல்சி அதற்குப் பிறகு பத்தொன்பது குளிர்காலம் ஏழாம் மாடியிலேயே இருந்தாள். பிரௌஸ் ஓய்வு பெற்று நுனாவாடிங்குக்கே குடிபோனதாகக் கேள்வி.

ஆனால் பலகை எழுதிய நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அந்த வாரக் கடைசியில் பெயிண்டர் ஒருவன் ஏணியும் தங்க வண்ண டப்பாவுமாக வந்தான். டல்சி ஏழு மாடி இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். பலகையில் எல்லா மாடியும் வெறுமையாக இருந்தது. மேலே ஏழு என்ற எண்ணுக்கு எதிரே 'திருமதி டி. கஸ்கெல்லி' என்று அழகாக எழுதி முடித்துவிட்டு, அவன் தூரிகையை நிறுத்தினான்.

"பேருக்குப் பக்கத்துல தொழில் எழுதணும்மா. இந்த வட்டாரத்துல எல்லாப் பலகையிலும் அப்படித்தான். பொத்தான், தொப்பி, கோட்டுன்னு. உங்களுக்கு என்ன தொழில்னு போடட்டும்?"

டல்சி யோசிக்கவே இல்லை.

"குடியிருக்கிறதுன்னு போடு" என்றாள்.

பெயிண்டர் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், டப்பாவில் தூரிகையை நனைத்துக்கொண்டு எழுதினான்.